கிராமாட் சாலையில் ஒரு கேமராக்காரன்

பினாங்குக்கு வந்து போகும் உங்களில் பலர் டத்தோ கிராமாட் சாலையை மிதித்திருப்பீர்கள். பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால்தான் சற்று யோசிப்பீர்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதத்தின் பின்னே, தேங்காய் ஓடு காலில் குத்திவிடுமோ என்று குனிந்தபடியே நடந்து போயிருப்பீர்கள். மற்ற நாள்களில் அது ஆயர் ஈத்தாம் பஸ்ஸின் ஜன்னலோடு ஓடி மறைந்திருக்கும்.

அந்தச் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில் நாற்பது ஆண்டுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். பிறந்தது செபராங் பிறை தெற்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். 1979-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தேன். இப்போது ஓய்வு. அன்றும் இன்றும் மிச்ச நேரமெல்லாம் கேமராதான். தொழில்முறைப் படக்காரன் அல்ல. கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால் வரமாட்டேன், சாப்பிடக் கூப்பிட்டால் வருவேன்.

வாருங்கள், ஒரு நடை போய் வருவோம். கொம்தாரின் மாடிகள் அத்தனையையும் முதுகுப் பக்கம் விட்டுவிட்டு மேற்கே நடந்தால் முதலில் தென்படுவது பர்ச் ஹவுஸ். ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி இங்கேதான் ஈயம் உருக்கியது. ஆலை போய்விட்டது, அலுவலகக் கட்டடம் மட்டும், பின்னால் எழுந்த டைம்ஸ் ஸ்குவேர் கடைத்தொகுதிக்கு முன்னே, வயதான காவல்காரர் போல நிற்கிறது. இன்னும் நடந்தால் பாடாங் பிரவுன் திடல். பிரவுன் யார் தெரியுமா? குளுகோரில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்ட தோட்டத் துரை. அவர் குடும்பத்தார் ஊருக்குக் கொடுத்த திடல் அது. நமக்கெல்லாம் துரை என்றால் பெரட்டும் பேர் வெட்டும்தான் நினைவு வரும். இங்கே ஒரு துரையின் பெயரில் உட்கார்ந்து மாலையில் போப்பியா சாப்பிடலாம்.

சுற்றுலாக் கேமராக்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தபோது வரைந்த எல்லைக்குள் இந்தச் சாலை இல்லை. 2012-இல் எர்னஸ்ட் சக்காரேவிக் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஆர்மேனியன் தெருவில் இருக்கிறார்கள். அங்கே வரிசை பிடித்து நின்று படம் எடுக்கிறார்கள். கிராமாட்டில் உயிரோடு சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளை எடுக்கத்தான் ஆளில்லை.

இந்த ஊரின் படக்கலைக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1860-களின் தொடக்கத்தில் பத்து மாதம் பினாங்கிலும் எதிர்க்கரையிலும் சுற்றிப் படம் பிடித்தார். பின்னாளில் அங்கோர் கோயில்களையும் சீன நாட்டையும் படம் பிடித்துப் பெயர் பெற்றவர் அவர்தான். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் ஈரம் எத்தனை நிமிடம் தங்கும்? உதவிக்குச் சீனர்களைக் கூப்பிட்டாராம். பேய் வேலை என்று மறுத்துவிட்டார்களாம். கடைசியில் மதராஸ்காரர் இருவரைப் பழக்கிப் படம் அச்சிடும் வேலைக்கும் கைவேலைக்கும் வைத்துக்கொண்டதாகத் தாம் எழுதிய நூலில் சொல்கிறார். மதராஸ்காரர் இருவர் என்பதோடு சரி.

என் கதைக்கு வருகிறேன். முதல் கேமரா, பழசாக வாங்கிய பெண்டாக்ஸ் கே 1000. இருட்டறை, குளியலறைதான்; இரவு பத்து மணிக்கு மேல் அது எனக்கு என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. நம் குழாய்த் தண்ணீரோ வெதுவெதுப்பு. கீழே கோப்பிக் கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளியில் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தலை நிறுத்திவைப்பேன். “ராத்திரியில யாருக்குங்க ஐஸ் தண்ணி?” என்று கடைக்காரர் கேட்பார். “பிலிமுக்கு” என்றால் சிரிப்பார்.

ஆசை பெரியது. படச் சங்கத்தில் சேர்ந்தேன். போட்டிக்கு அனுப்பாத மாதமில்லை. எல்லாம் ஒரே வகை: தெலுக் பஹாங்கில் வலை வீசும் மீனவர், பின்னால் செவ்வானம். 1982-இல் அப்படியொரு படத்துக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அதைப் பெரிதாகப் போட்டு, தோட்டத்துக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா பால்மரம் வெட்டுகிறவர். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. யாருப்பா இவரு?”

“மீன் பிடிக்கிறவரும்மா.”

“அவருக்கு ஒண்ணு குடுத்தியா?”

கொடுக்கவில்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. வீட்டில் இருந்த படங்களைத் தேடிப் பார்த்தேன். அம்மாவுக்கு இருந்தவை இரண்டே. ஒன்று ஐ.சி.யில் ஒட்டிய படம். மற்றொன்று நிபோங் திபால் ஸ்டூடியோவில், தீபாவளிப் புடவையோடு, ஏரியும் அன்னமும் வரைந்த திரைக்கு முன்னால் எடுத்தது. ஆயுள் முழுக்கச் செய்த வேலையில் அவரைக் காட்டும் படம் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு லீவு போட்டு வெளிக்காட்டுக்குக் கூடவே போனேன். ஏன் இருட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஆனால் கேமராவுக்கு அது சோதனை. போதாக்குறைக்கு 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள். ஏழு மணிக்கும் மரத்தடியில் மசமசப்புத்தான். பிளாஷ் போட்டால் கலை கெட்டுவிடும் என்று சங்கத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். நானும் வேதவாக்காக நம்பி அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அம்மாவோ நிற்கிற ஆளில்லை. ஒரு கீறல், மங்கைத் திருப்பி வைப்பது, அடுத்த மரம். 36 படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் எல்லாம் இருட்டு. ஒன்றில் மட்டும் தலைவிளக்கின் வெளிச்சம் பட்டையில் பட்டுத் திரும்பி, உளி பிடித்த கையைக் காட்டியது. முகம் இல்லை.

இன்னொரு நாள் வந்து எடுக்கிறேன் என்றேன். சங்கத்தில் போட்டி, தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று ஆண்டுகள் போயின. அம்மா 1991-இல் காலமானார். பால்மரங்கள் செம்பனையாயின; செம்பனை பிறகு வீடுகளாயின. நான் பிறந்த லயம் இருந்த இடத்தைச் சடக்கின் வளைவை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிகிறது.

அதன் பிறகுதான் கிராமாட் சாலையையே கண் திறந்து பார்த்தேன் என்று சொல்லவேண்டும். பினாங்கில் இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) என்று ஒரு கலைஞர் இருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டுவார். அவர் எடுத்ததெல்லாம் நாம் தினமும் தாண்டிப் போகிறவை. முடிதிருத்தும் கடைகளைக்கூட விடவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000-இல் கடை வாடகைகள் எகிறியபோது, அப்படிப்பட்ட பழைய கடைகள் பல காணாமற் போயின.

தைப்பூசப் படமும் எனக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் ரதத்தை மட்டுமே குறிவைப்பேன். கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வெள்ளியின் பளபளப்பைக் கண்டால் ஒளிமானி ஏமாந்துபோகும், அது சொல்வதைவிட ஒரு படி கூடுதலாக வெளிச்சம் விடுங்கள், இல்லாவிட்டால் ரதம் அலுமினியச் சட்டியாகத் தெரியும். இளநீர் லென்ஸில் தெறித்தால் ஈரத்துணியால் உடனே ஒற்றுங்கள், காய்ந்தால் பிசுபிசுக்கும். 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. இரண்டும் தாண்டிப் போன பிறகு, சீனரும் தமிழரும் மலைபோல் குவித்து உடைத்த தேங்காயை மண்வெட்டியால் அள்ளுகிறார்களே நகராண்மைக்கழகத் தொழிலாளர்கள், அவர்களை எடுக்கத்தான் இப்போது நிற்கிறேன். மறுவாரம் படத்தோடு அவர்களைத் தேடிப் போவேன். பாதிப் பேர் அகப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் பயணம். பெரியில் பட்டர்வொர்த், கார்களை இப்போது ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளுக்கு இடமுண்டு. அங்கிருந்து சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால். கலிடோனியாத் தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் 99 கதவு மாளிகைக்குப் பேய் பிடிக்க இளைஞர்கள் கேமராவோடு போகிறார்கள். ராம்ஸ்டன் துரை 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்ட வீடு அது. போகட்டும். அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் வேலை அவர்களிடம்.

உங்களிடம் பழைய படங்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயரும் தோட்டமும் ஆண்டும் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பிளாஸ்டிக் தாள் ஒட்டும் ஆல்பத்தில் வைக்காதீர்கள். அந்தப் பசை படத்தை மஞ்சளாக்கிவிடும்.

சென்ற ஆண்டு நிபோங் திபால் பக்கம் ஒரு பாட்டியைப் பார்த்தேன். முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். பழைய வேலைச் சட்டையோடு, உளியைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்களேன் என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

“அந்தக் கோலத்துலயா? வேணாம் தம்பி. நல்லபடியா கட்டிக்கிட்டு வரேன்.”

அரை மணி கழித்துப் பட்டுப் புடவையோடு வந்தார். எடுத்தேன். பிறகு கோப்பி கொடுத்தார். பேச்சுவாக்கில் எழுந்து போய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். உளி. துருவில்லை, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பிடித்துக் காட்டிய கையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

இரண்டையும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது பட்டுப் புடவைப் படம் கண்ணாடிச் சட்டத்தில் கூடத்தில் தொங்கியது. மற்றதை எங்கே என்று நான் கேட்கவில்லை. பீரோவிலிருந்து ஐ.சி.யை எடுத்துத் தரும்படி பேரனிடம் ஏதோ வேலையாகச் சொன்னார். பையன் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தான். ஐ.சி.க்குப் பின்னால் அந்தப் படம் இருந்தது.