இருக்க ஓரிடம்

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'இரு' என்னும் வினை இரண்டு பொருளைத் தாங்கி நிற்கும். உயிரோடு உளதாதலும் 'இருத்தல்'. ஆசனத்தில் அமர்தலும் 'இருத்தல்'. படலையைத் திறந்துகொண்டு வருகின்ற எவரையும் 'இருங்கோ' என்று சொல்லியே நாம் வரவேற்கிறோம். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற நாளில் இவ்விரு பொருளையும் அடுத்தடுத்து எழுதி மனனஞ் செய்த நமக்கு, அவற்றிடையே உள்ள உறவு நூலகத்திலே விளங்கவில்லை. கொழும்புக்கு அப்பால் ஒரு களியாட்டப் பூங்காவில், ஏப்பிரல் மாதத்து நண்பகலில், ஒரு சிறு பிளாஸ்ரிக் ஸ்ரூலின் மேல் இருந்தபோதுதான் விளங்கியது.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் முதற் கிழமை அது. நமது பாடசாலையின் பத்தாந் தர மாணவியர் 38 பேர் கல்விச் சுற்றுலாவுக்கு ஆயத்தமாகி நின்றனர். உடன் செல்லவிருந்த ஆசிரியை ஒருவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். பெண்பிள்ளைகளுடன் பெண் ஆசிரியர் இருவரேனும் செல்ல வேண்டும் என்பது பாடசாலையின் ஒழுங்கு. அதிபர் நம்மை வற்புறுத்தவில்லை. 'உங்களால் இயலுமானால் மாத்திரம்' என்றே கேட்டார். நாம் அப்பொழுது ஆறுமாதக் கர்ப்பவதி. இயலாது என்று சொல்லியிருந்தால் சுற்றுலா நின்றிருக்கும். தாய்மார் முட்டை விற்றும் சீட்டுக் கட்டியும் மாதக்கணக்கிற் சேர்த்துக் கொடுத்த பணம் அது என்பதை நாம் அறிவோம். சம்மதித்தோம்.

'வயித்துப்பிள்ளையோடை உந்த வெய்யிலுக்கை என்னத்துக்குப் பிள்ளை போறாய்?' என்று அம்மா கேட்டார். குடும்பநல மாது திரிபோஷாப் பொதியைக் கையில் தந்தபோது, தண்ணீர் நிறையக் குடிக்குமாறும் நீண்ட நேரம் நிற்க வேண்டாமென்றும் சொன்னார். இருவர் சொல்லும் நியாயமே.

முதல் நாள் பாராளுமன்றத்தையும் நூதனசாலையையும் பார்த்தோம். பிள்ளைகளின் மனமோ இரண்டாம் நாளிலேயே இருந்தது. அந்நாளுக்குரிய பூங்காவின் வாயிலை அடைந்தபோது காலை பத்து மணி. ஒவ்வோர் ஆண்டும் ஏப்பிரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். மனிதனின் நிழல் அவன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும் நாட்கள் அவை. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுசெல்லக் கூடாதென்று பிள்ளைகளின் போத்தல்களை வாயிலிலே வாங்கி வைத்தனர். உள்ளே தண்ணீர் விலைக்குக் கிடைத்தது.

ராட்டினங்களின் முகப்பில் மூன்று மொழிகளிலும் பலகைகள் இருந்தன. இருதய நோயாளர் ஏறக்கூடாது, முதுகெலும்பில் நோயுள்ளோர் ஏறக்கூடாது, கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. வயிறு பெருத்த ஒரு பெண்ணுருவை வரைந்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடிட்டிருந்தனர். இது வேண்டிய எச்சரிக்கையே. சடுதியாக விரைந்து சடுதியாக நிற்கும் வண்டியிலே தாயின் உடல் குலுங்கினால், நச்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து விலகும் அபாயமுண்டு. அறிவியலுக்குத் தலைவணங்கி, பிள்ளைகளின் கைப்பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு, ராட்டினத்தின் அடியிலே நாம் நின்றோம். அங்கே ஓர் இருக்கையும் இல்லை. நட்டு ஓராண்டும் நிறையாத பனையின மரங்கள் சில, அழகுக்காக நின்றன. அவற்றின் நிழல் ஒரு குடத்தை மூடப் போதாது.

உலகப் புகழ்பெற்ற டிஸ்னிலாந்து 1955 யூலை 17இல் கலிபோர்னியாவிலே திறக்கப்பட்ட நாளின் கதையை முன்னர் படித்திருந்தோம். அன்று அங்கே வெப்பம் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ். புதிதாக இட்ட தார் இளகிப் பெண்களின் குதியுயர்ந்த காலணிகள் அதிற் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், மலசலகூடங்களா குடிநீர்க் குழாய்களா என்று ஒன்றைத் தெரிய வேண்டிய நிலை உண்டாகியிருந்தது, மலசலகூடங்களையே தெரிந்தனர். குளிர்பானம் விற்பதற்குச் செய்த சூழ்ச்சி என்று வந்தோர் ஏசினர். கோட்டைகளையும் கப்பல்களையும் கட்டி முடித்த செல்வம், ஒரு மிடறு தண்ணீரைத் தொழிலாளியின் கையில்லாமல் தரமுடியாது போனதை அந்த வெயில் காட்டியது. தலைமுறைகள் பல கடந்தும், வெயிலில் நிற்பவனுக்கு நீரும் நிழலும் என்பது எந்தப் பூங்காவின் வரைபடத்திலும் முதலிடம் பெறவில்லை போலும்.

பதினொன்றரை மணியளவில் நமக்குக் கண் இருண்டது. கருவுற்ற உடலிலே குருதியின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகும். இதயம் அதற்கேற்ப உழைக்கும். வெப்பத்தை வெளியேற்றக் குருதி தோலை நோக்கி விரையும்போது, நின்றுகொண்டிருப்பவளின் தலைக்கு அது குறைந்துபோகும். இவற்றையெல்லாம் நாம் பின்னரே படித்தறிந்தோம். அப்போது அறிந்தது, கம்பியைப் பற்றிய கை நழுவியதை மாத்திரமே.

'டீச்சர், இதுல ஒக்காருங்க. மொகமெல்லாம் வெளிறிப் போச்சு.'

ராட்டினத்தின் வாயிலிலே சீட்டுப் பார்த்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் அது. இயந்திரக் கூண்டின் பின்னால் மறைத்து வைத்திருந்த ஸ்ரூலை எடுத்துவந்து போட்டாள். தன் போத்தலிலிருந்த தண்ணீரையும் தந்தாள். இருபத்திரண்டு வயது மதிக்கலாம். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். ஆட்களை வழங்கும் ஒப்பந்தக்காரர் மூலம் நாட்கூலிக்கு வேலை செய்பவள்.

நமது மாணவி ஒருத்தி காதருகே குனிந்து, 'ரீச்சர், அந்த அக்காவுக்கும் வயித்திலை பிள்ளை போலக் கிடக்கு' என்றாள். அளவுக்கு மீறித் தொளதொளத்த சீருடைச் சட்டையை அப்பொழுதுதான் நாம் பார்த்தோம். எத்தனை மாதம் என்று மெல்ல வினவினோம்.

'அஞ்சு. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர். தெரிஞ்சா நாளைக்கு வர வேணாம்னுருவாங்க.'

காலை ஒன்பது தொடக்கம் மாலை ஆறு வரை நிற்பதாகச் சொன்னாள். வந்தோர் முன்னிலையில் வேலையாட்கள் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. நமது கண் தன்னை அறியாமலே அந்தச் சிவப்புக் கோட்டுப் பலகையின் பக்கம் சென்றது. அவள் அதைக் கண்டுகொண்டு சிரித்தாள்.

'அதுல ஏறக்கூடாதுன்னுதான போட்டிருக்கு டீச்சர், நிக்கக்கூடாதுன்னு போடலியே.'

சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் வந்தார். நாம் இருந்த நிலையைக் கண்டு மனம் பதறி, ஒரு குடையும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டுவரச் செய்தார், உபசாரமாகப் பேசினார். அவர் தீயவரல்லர். நம் வயிற்றைக் கண்ட அதே கண்கள், இரண்டு முழத்துக்கு அப்பால் நின்ற மற்றொரு வயிற்றைக் காணவில்லை. ஒன்று சீட்டு வாங்கியவளுடையது. மற்றது சீட்டுக் கிழிப்பவளுடையது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் நிற்பாள். நாம் வாய் திறக்கவில்லை. அவளுடைய ஸ்ரூலில் அரைமணி நேரம் இருந்தோம். அந்த அரைமணி நேரமும் அவள் நின்றாள்.

நாம் அரசாங்க ஆசிரியை. முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் மகப்பேற்று விடுமுறை நமக்கு உண்டு. தனியார் துறையிலும் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் இருக்கிறது. கர்ப்பத்தைக் காரணங்காட்டி வேலை நீக்குதலை அது தடுக்கிறது. ஆயினும், வேலை நீக்க வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாட்டைச் சட்டம் என்ன செய்யும்? 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொன்னால் போதும். 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில், கடும் வெப்பத்திலே மாணவரை வெளிக்கள நடவடிக்கைகளில் ஈடுபடுத்துவதைத் தவிர்க்குமாறு கல்வியமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. நல்லது. ஆனால் அதே வெயிலிலே கூலிக்கு நிற்பவளுக்கு அறிவுறுத்தல் எங்கிருந்து வரும்?

வெயிலின் விளைவு வெறும் அசதியன்று. 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சி, வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடுந்தோறும் குறைமாதப் பிறப்பின் வாய்ப்பு நூற்றுக்கு 5 வீதமளவில் ஏறுவதாகக் கண்டது. சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017இல் தொடங்கித் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வயலிலும் செங்கற் சூளையிலும் உப்பளத்திலும் போலக் கடும் வெப்பத்தில் உழைப்போர். அவர்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் இருமடங்கு என்று 2024இல் வெளியான முடிவு கூறியது. வெயில் எல்லோர் மேலும் ஒன்றாகவே காய்கிறது என்பது பொய். நிழலுக்குள் போக அனுமதியுள்ளவர் மேல் ஒருவிதமாகவும், அனுமதியில்லாதவர் மேல் வேறுவிதமாகவும் அது காய்கிறது.

நிழலையும் ஆசனத்தையும் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை. கேரளத்துக் கோழிக்கோட்டிலே, நாள் முழுவதும் நிற்கவைக்கப்பட்ட துணிக்கடைப் பெண்கள் ஒன்றுகூடி இருக்கும் உரிமையைக் கேட்டுப் போராடினர். 2018இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்களுக்கு ஆசனம் வழங்க வேண்டுமென விதித்தது. ஒரு கதிரைக்காகச் சட்டமா என்று நகைப்போர், ஒரு நாள் அந்த ராட்டினத்தின் அடியில் நின்று பார்க்கட்டும்.

ஊர் திரும்பிய பின்னர், எவரையுஞ் சுட்டாமல், வேலையாட்களுக்கு நிழலும் ஆசனமும் குடிநீரும் இடைவேளையும் வேண்டுமென்று அப்பூங்காவின் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினோம். மறுமொழி வரவில்லை. 'நான் சென்ற சுற்றுலா' என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுத்தோம். 37 பேர் ராட்டினத்தையும் நீர்ச்சறுக்கையும் எழுதினர். காதருகே குனிந்தவள் மாத்திரம் இப்படி முடித்திருந்தாள்: 'எங்கள் ரீச்சர் இருந்தார். அந்த அக்கா நின்றார்.' சந்தியும் இலக்கணமும் பிழையற்ற இரு வாக்கியங்கள். சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். அவை நம்மைப் பற்றிய தீர்ப்பு. அதற்குப் புள்ளியிட நமக்குத் தகுதி ஏது?

யூலையிலே நமக்கு மகள் பிறந்தாள். ஏழாம் மாதத்தில், தலையணைகளின் துணையின்றித் தானாகவே இருக்கப் பழகினாள். முதன்முறை முதுகை நிமிர்த்தி அவள் இருந்தபோது வீடு முழுவதும் கைதட்டியது. அதற்கு ஒரு மாதம் பிந்திப் பிறந்திருக்க வேண்டிய இன்னொரு குழந்தையை நாம் நினைத்துக்கொண்டோம். அது இருக்கிறதா? நாம் 'இரு' என்ற வினையின் எந்தப் பொருளிற் கேட்கிறோம் என்பதை வாசகர் அறிவர். அக்குழந்தையின் தாய்க்கு இருக்க ஓரிடம் கொடாத உலகிலே, நம் மகள் நிமிர்ந்து இருப்பதைக் கண்டு முழுமனத்தோடு மகிழ நம்மால் இயலவில்லை.