வேலியும் வழியும்

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர் நாம். செம்பனைக் கன்றுகளைக் காக்க முள்வேலி அமைக்குமாறு மேலிடத்து ஆணை வந்தபொழுது, கம்பி இத்தனை, கட்டை இத்தனை என்று பேரேட்டிற் குறித்தவரும் நாமே. வேலி எழுந்த மறுநாள், பால்மாடு வளர்க்கும் மூதாட்டியொருத்தி வந்து, "கிராணி ஐயா, மாடு இனி எந்தப் பக்கமாத் தண்ணிக்குப் போகும்?" என்று கேட்டாள். நாம் விடை கூறவில்லை. பின்னர் மங்கோலிய நாட்டைப் பற்றிப் படித்தபொழுதுதான் அவ்வினாவின் கனம் விளங்கிற்று.

அந்நாட்டின் கிழக்கே மரமற்ற புல்வெளியும், தெற்கே கோபிப் பாலையும் விரிந்து கிடக்கின்றன. ஆங்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கஸல் மான்களும், குலான் என்னும் காட்டுக் கழுதைகளும் திரிகின்றன. ஆண்டுதோறும் ஒரே தடத்திற் செல்பவை அல்ல அவை. மழை ஓராண்டு ஒரு திசையிற் பெய்யும். மறு ஆண்டு வேறு திசையிற் பெய்யும். மழை கண்ட இடத்திற் புல்; புல் கண்ட இடத்தில் அவை. 'ஸுத்' எனப்படும் கொடிய குளிர்காலத்திற் பனி இறுகிப் புல்லை மூடுமாயின், நெடுந்தொலைவு நடந்தாலன்றி உயிர் பிழைத்தல் அரிது.

இந்நிலத்தை ஊடறுத்து, 1949இல் உலான்பாத்தூரை எட்டிய இருப்புப்பாதை, 1956இற் சீனத்துடன் போக்குவரத்தைத் தொடங்கிற்று. கால்நடைகள் வண்டியில் அடிபடாதிருக்க இருபுறமும் முள்வேலி இட்டனர். நோக்கம் நல்லதே. ஆயின் மான்கள் அவ்வேலியிற் சிக்கி மடிந்தன; குலான்கள் கிழக்குப் புல்வெளியை அடியோடு இழந்தன.

காப்பகம் ஒன்றை வகுத்துவிட்டால் போதாதோ என்று கேட்பாருண்டு. போதாது. இவ்வாண்டுப் புல் காப்பகத்தினுள்ளேதான் முளைக்கும் என்று மழைக்கு யார் ஆணையிட வல்லார்? ஒரே ஒரு வாயிலும் போதாது. பல இடங்களில் வழி வேண்டும். இதனை உணர்ந்தே, சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் விலங்குகள் கடக்க வழி அமைப்பதற்கான விதிமுறையை மங்கோலியா 2015இல் வகுத்தது. பின்னர்ச் சிற்சில இடங்களில் வேலியைச் சோதனையாக அகற்றினர். 2020இல் குலான்கள் அவ்வழியே கடந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் மிதியாத கிழக்குப் புல்வெளியிற் கால் வைத்தன!

வேலியே வேண்டாமென்று நாம் கூறவில்லை. கம்பிக்கு ஒரு வரி எழுதும் கை, வாயிலுக்கும் ஒரு வரி எழுதுதல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஓடைக்கரையில் ஒரு வாயில் வேண்டுமென்று நாமும் மேலிடத்துக்கு எழுதியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை. மூதாட்டியோ நாள்தோறும் வேலியைச் சுற்றி மாட்டை ஓட்டிச் செல்கிறாள்.