மலைமேல் ஒரு கற்கோயில்

மாட்டுப்பட்டியிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் மூணாறு நகரம் உள்ளது. அங்கே ஒரு சிறு குன்றின்மீது கருங்கல்லாலான கிறிஸ்து ஆலயம் நிற்கிறது.

இங்கிலாந்தின் சிற்றூர்களில் முதலில் ஆலயம் எழும். பின்னர் அதனைச் சூழ்ந்து கல்லறைகள் தோன்றும். மூணாற்றிலோ கல்லறையே முதலில் வந்தது. தோட்ட நிருவாகி ஹென்றி நைட்டின் மனைவி எலினார், 1894 டிசம்பரில் காலரா நோயால் இறந்தார். அவருடைய உடல் அக்குன்றில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர், 1910இல் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1911இல் வழிபாடு தொடங்கியது.

கற்சுவர், கூர்முனை வளைவு, வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஆகியன இவ்வாலயத்தின் சிறப்புகள். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் பரவத் தொடங்கிய கட்டடக்கலையின் சாயல் இது. கூர்முனை வளைவு கூரையின் பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கும். அதனால் சுவரில் பெரிய சாளரங்கள் அமைக்க இயலும். தாயகத்து ஆலயங்களின் வடிவத்தை ஆங்கிலேயர் இம்மலைக்குக் கொண்டுவந்தனர்.

ஆயினும், தாயகத்து வழக்கம் ஒன்று இங்கு முழுமையாக வந்து சேரவில்லை. 1538 முதல் இங்கிலாந்தின் ஆலயங்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதின. அதனால் ஏழை உழவனின் பெயரும் நிலைத்தது. மூணாற்று ஆலயத்தின் நினைவுப் பலகைகளில் நாம் காண்பன துரைமார் பெயர்களே. தமிழகச் சமவெளியிலிருந்து மலையேறி வந்து, காடு திருத்தி, கொழுந்து கிள்ளியவர்களின் பெயர்களை எப்பலகை தாங்கியது?

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தில் இரயில் ஓடியது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அப்பாதையை அழித்தது. குன்றின்மேல் இருந்த ஆலயம் நிலைத்தது. எழுதப்படாத பெயர்களும் அந்த இருப்புப்பாதையைப் போன்றவையே. ஒரு தலைமுறை கடந்தால் தடமின்றிப் போகும்.

இன்று அவ்வாலயத்தில் தமிழிலும் வழிபாடு நடைபெறுகிறது. துரைமார் கட்டிய சுவர்களுக்குள் தொழிலாளரின் மொழி ஒலிக்கிறது. மொழி உள்ளே வந்துவிட்டது. பெயர்கள் இன்னும் லயத்து முதியோரின் நினைவில்தான் வாழ்கின்றன.

மாணவர்களே, உங்கள் பாட்டன் பாட்டி பிறந்த ஊர் எது? அவர்கள் மலையேறிய ஆண்டு எது? முதலில் வேலை செய்த தோட்டம் எது? கேட்டறிந்து, அவர்கள் பெயருடன் ஏட்டில் தமிழில் எழுதுங்கள். கல்லில் இடம்பெறாத பெயர்களுக்கு உங்கள் ஏடே பதிவேடு ஆகட்டும்.