வீரனும் விருந்தாளிகளும்

விருந்தோம்பலுக்கென்று ஒரு தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், வீட்டுக்காரரின் முகம் சற்றுக் கோணினாலும் விருந்தாளி வாடிப் போய்விடுவார் என்று எச்சரித்திருக்கிறார். வீட்டுக்காரர் மலர்ந்த முகத்துடன், "வாருங்கள், வாருங்கள்" என்று வரவேற்கும் அதே சமயத்தில், அவர் காலடியில் நிற்கும் நாய் தன் 42 பற்களையும் காட்டி, "போ, போ" என்று உத்தரவிட்டால் விருந்தாளி யாருடைய வார்த்தையை நம்புவது? இந்தத் தர்மசங்கடத்துக்கு அந்த அதிகாரத்தில் பரிகாரம் காணோம். ஆகவே, கும்பகோணத்தில் பள்ளி உபாத்தியாயராயிருக்கும் நான், மூன்று வருஷ அநுபவத்தில் அறிந்துகொண்டதை நேயர்களுக்குச் சொல்லத் துணிகிறேன்.

எங்கள் நாய் உயர்ந்த ஜாதி நாய் அல்ல. ஓர் ஐப்பசி மாத மழையில், பின்னங்கால் ஒன்று முறிந்து, எங்கள் தெருக்கோடிச் சாக்கடை ஓரத்தில் கிடந்த நாட்டு நாய். அப்போது அதற்கு ஒரு வயதிருக்கும் என்றார் கால்நடை வைத்தியர். கால் குணமாயிற்று. என் மகள் அதற்கு 'வீரன்' என்று நாமகரணம் செய்தாள். வீட்டில் உள்ள நால்வரிடமும் அது பசுவைவிடச் சாது. ஆனால், வாசல் மணி அடித்ததோ, போயிற்று! ரேழிக்கும் கூடத்துக்குமாகப் பாய்ந்து, வீடே அதிரும்படி குரைக்கும்.

இதனால் பெரிய நஷ்டம் அடைந்தவர் என் தாயார். அவருக்கு வயது 78. என் தகப்பனார் காலமான பிறகு, மாலை நாலு மணிக்கு வரும் மூன்று சிநேகிதிகள்தாம் அவருக்குப் பத்திரிகை, ரேடியோ, கச்சேரி எல்லாம். வீரன் வந்தபின் அவர்களுடைய வருகை குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. என் தமக்கையின் கணவர் வந்திருந்தபோது, "தெருவிலிருந்து வந்ததைத் தெருவிலேயே விட்டுவிடு, தம்பி" என்று யோசனை சொன்னார். அம்மா குறுக்கிட்டு, "அவர்கள் வராவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். இதைத் தெருவில் விட்டால் இது பிழைக்காது" என்றார். அவர் சொன்னதில் இரண்டாவது பாதி உண்மை. முதல் பாதி உண்மையல்ல என்பது, நாலு மணிக்கு அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததிலிருந்தே எனக்குத் தெரிந்தது. இருவரில் ஒருவரை இழப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை என்று தீர்மானித்தேன்.

குரைக்கிற நாயைக் கண்டால் நாம் அதைக் கோபக்கார நாய் என்கிறோம். இருபது வருஷம் வகுப்பறையில் நின்றவனுக்கு இதில் சந்தேகம் வரவேண்டும். கடைசிப் பெஞ்சியில் அதிகக் கூச்சல் போடும் பையன்தான் பெரும்பாலும் அதிகப் பயந்தவன். நாய்க்குட்டிகளைப் பல வருஷம் ஆராய்ந்து 1965-ல் புத்தகம் வெளியிட்ட ஸ்காட், புல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், பிறந்த 3-வது வாரத்திலிருந்து சுமார் 12-வது வாரம் வரையில்தான் குட்டியின் மனம் உலகத்தோடு சிநேகம் கொள்ளும் பருவம் என்று கண்டார்கள். அந்தப் பருவத்தில் மனிதர் கையால் கல்லடியை மட்டுமே கண்ட பிராணிக்கு, முன்பின் தெரியாத ஒவ்வொரு காலடி ஓசையும் ஒரு கல்தான். குரைத்தால் அந்தக் கால்கள் திரும்பிப் போய்விடுகின்றன என்பதையும் அது விரைவில் கற்றுக்கொள்கிறது.

பயத்தை அடித்து விரட்ட முடியாது. ஆனால் ஊட்டி விரட்டலாம். உணவுக்கு முன் வழக்கமாக ஒரு சப்தம் கேட்டால், பிறகு அந்தச் சப்தத்துக்கே நாயின் வாயில் நீர் ஊறும் என்று ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் காட்டினார். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலை முதலில் தூரத்தில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். வீரனுக்கும் இதே வைத்தியம்தான். விருந்தாளியே இல்லாத வேளையில் என் மகன் வாசல் மணியை மெதுவாக அடிப்பான். மறு கணமே அவித்த முட்டையில் ஒரு துண்டு வீரன் வாயில் விழும். தினம் பத்துத் தடவை, ஆறு வாரம். அதன்பின் மணி அடித்தால் அது வாசலைப் பார்ப்பதற்குப் பதில் சமையலறையைப் பார்க்க ஆரம்பித்தது.

மணி வேறு, மனிதர் வேறு. ஆகையால் கூடத்துக்கும் கொல்லைப்புற அறைக்கும் நடுவே தச்சரைக் கொண்டு இடுப்பளவு மரக்கதவு ஒன்று போட்டோம். விருந்தினர் வருமுன் நாயை உலாவ அழைத்துச் சென்று களைப்பாற்றி, உள்ளே தயிர்ச்சாதம் அடைத்த ரப்பர் பொம்மையுடன் அந்த அறையில் விட்டுவிடுவோம். வந்தவர்கள் உட்கார்ந்து காப்பி குடித்து, பேச்சு நிதானப்பட்ட பிறகுதான், அதுவும் வார் கட்டி என் கைப்பிடியில்தான், வீரன் கூடத்துக்கு வரும். உறுமினால் அதட்டமாட்டோம். உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் நோட்டீஸ். அதைத் தண்டித்து அடக்கினால், நோட்டீஸ் இல்லாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். உறுமலுக்கும் முன்னால், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், மூக்கை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், சிலைபோல் நின்றுவிடுதல் முதலிய அறிகுறிகள் உண்டு. அவற்றைக் கண்டதும் உள்ளே அழைத்துப் போய்விட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷந்தோறும் தவறாமல் போட்டுவிடுவது, சொல்லவேண்டியதில்லை, முதற் கடமை.

நாயைப் பழக்குவதைவிட விருந்தாளிகளைப் பழக்குவது சிரமம். பயப்படுகிறவர்களால் தொல்லையே இல்லை. அவர்கள் சொன்ன இடத்தில் உட்காருவார்கள். "எனக்கு நாய் என்றால் பயமே கிடையாது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்களே, அவர்கள்தாம் அபாயகரமானவர்கள்! நேரே கண்ணைப் பார்த்து, குனிந்து, தலைமேல் கையை நீட்டுவார்கள். ராட்சதன் ஒருவன் நம் தலைமேல் கையை நீட்டினால் நாம் அவனுக்கு வந்தனோபசாரமா செய்வோம்? சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து, நாயைக் கவனியாதவர்போல் ஒரு துண்டு முட்டையைத் தரையில் போட்டால் போதும். வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

எட்டு மாதத்தில் என் தாயாரின் நாலு மணி சபை மறுபடியும் கூடிற்று. ஒரு சிநேகிதியின் காலடியில் வீரன் இப்பொழுது படுத்துத் தூங்குகிறது. இன்னொருவர் வந்தால் மரக்கதவுக்கு அப்பால் இருந்தபடி வாலை ஆட்டும். மூன்றாமவர் சிறு வயதில் நாய்க்கடி பட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி வயிற்றில் 14 ஊசி போட்டுக்கொண்டவர். அந்த முறை இன்று ஒழிந்துவிட்டது. கையில் சில ஊசிகளோடு காரியம் முடிகிறது. ஆனால் அவருடைய பயம் ஒழியவில்லை. அவர் வரும்போது நாயின் அறைக் கதவு முழுவதும் சாத்தித் தாளிடப்படும். "பாருங்கள், எவ்வளவு சாதுவாகிவிட்டது!" என்று யாரும் அவரை வற்புறுத்துவதில்லை. நாயின் பயத்துக்கு இத்தனை மரியாதை காட்டும் வீட்டில் அந்த அம்மாளின் பயத்துக்கு மரியாதை இல்லாமற் போனால், அது ஜீவகாருண்யம் ஆகாது.

வருகிற எல்லோரிடமும் வீரன் அன்பாயிருக்கவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அப்படி மனிதர்களிடமே நாம் எதிர்பார்ப்பதில்லையே! கதவுக்கு இந்தப்புறம் இருப்பவர்களும் அந்தப்புறம் இருப்பதும் நடுக்கமில்லாமல் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தால் அதுவே போதும். நேயர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: இப்படிப்பட்ட நாய் உள்ள வீட்டுக்குச் செல்ல நேர்ந்தால், "பாவம், அதை அவிழ்த்து விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாவது டம்ளர் காப்பி வேண்டுமானாலும் தாராளமாகக் கேளுங்கள், உடனே வரும்.