கூடைச் செல்

மூளையின் சுற்றமைப்புகளும் செல் வகைகளும் பற்றிச் சென்னையில் ஒரு மாநாடு. கண்காட்சிப் பதாகைகளின் தமிழைத் திருத்தித் தர என்னை அழைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் ‘தரணி’ என்ற தொகுப்பை வெளியிட்டிருந்தது. ஐந்து கருக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த 5,132 படங்கள். அதைப் பற்றி வாசித்திருந்த ஆர்வத்தில் ஒப்புக்கொண்டேன்.

ஒரு பதாகையில், ‘கூடைச் செல்: அடக்கும் நரம்பணு’ என்றிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கூடை, அடக்கம். பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு இரண்டும் பழகிய சொற்கள். எங்கள் ஏரியில் பெண்கள் நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஆண்களுக்குப் ‘பாடு’ உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பெண் பெயரில் பாடு கிடையாது. படும் பாடு மட்டும் உண்டு.

என் சின்னம்மாவின் கை சேற்றில் இறாலைத் தேடாது; நேராகப் போய் எடுக்கும். இருபது வயதில் அவருக்கு வலிப்பு வந்தது. சாவியைக் கையில் திணித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். “பொண்ணுன்னா அடக்கமா இருக்கணும், ஏரி ஏரின்னு சுத்துனா இப்படித்தான்” என்றாள் பாட்டி. மாத்திரை கிடைக்க ஆறு வருடங்கள் ஆயின. அதற்குள் பறி சுவரில் ஏறிவிட்டது. தண்ணீரில் வலிப்பு வந்தால் உயிர் போகும், நிறுத்தியது சரிதான். ஆனால் அவருடைய வருமானம் நின்றதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

மாநாட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். 2024 அக்டோபரில் வெளியான பழ ஈ மூளையின் முழு வரைபடத்தைப் பற்றிப் பேசினார்கள். 1,39,255 நரம்பணுக்கள், 8,400-க்கும் மேற்பட்ட வகைகள். அது பெண் ஈ என்றதும் நிமிர்ந்தேன். காரணம், இந்தத் துறையின் பழைய வழக்கம் வேறு. 2009-இல் வெளியான விலங்கு ஆய்வுகளை எண்ணிப் பார்த்தவர்கள், நரம்பியலில் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவற்றைவிட ஐந்தரை மடங்கு என்று 2011-இல் எழுதினார்கள். பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி உண்டு, கணக்கு குழம்பும் என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு அளந்து பார்த்ததில் பெண் எலிகளின் மாறுபாடு ஆண் எலிகளைவிட அதிகமில்லை என்று தெரிந்தது. விலக்கி வைத்துவிட்டு அப்புறம் அளப்பது நம் வீடுகளுக்கும் தெரிந்த வழிதான்.

தேநீர் இடைவேளையில் ஓர் இளம் ஆய்வாளரிடம் ‘அடக்கும்’ என்ற சொல்லைக் காட்டினேன். கூடைச் செல்லின் இழைகள் பக்கத்துச் செல்லின் உடலைக் கூடைபோல் சுற்றிக்கொண்டு, காபா என்ற வேதிப்பொருளை விட்டு அதன் துடிப்பை நிறுத்துகின்றன என்றார்.

“அப்போ அடக்குறதுதானே?”

“இல்ல மேடம். வாயை மூடுன்னு சொல்லலை. யார் எப்போ பேசணும்னு முறை வைக்குது. முறை இல்லாம எல்லாம் ஒண்ணாத் துடிச்சா அதுதான் வலிப்பு.”

முறை வைப்பது! எங்கள் ஏரியின் பாடு அல்லவா அது? சின்னம்மாவின் மூளையில் குலைந்தது அந்த முறை. ஊர் அதை அடக்கமின்மை என்று படித்தது. ஒரு சொல்லின் பிழையில் ஆறு வருடங்கள் போயிருக்கின்றன.

‘முறைப்படுத்தும் நரம்பணு’ என்று எழுதிக் கொடுத்தேன். பாடநூல் வழக்கு இல்லை என்று சொல்லி, குழு ‘தடுப்பு நரம்பணு’ என்று அச்சிட்டது. ‘அடக்கும்’ போனதே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சின்னம்மாவிடம் கூடைச் செல்லின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, பறி மாரியே இல்ல. கிழிஞ்ச வலை மாரி கீது.”

இது ஒழுங்காக வேலை செய்யாவிட்டாலும் வலிப்பு வரலாம், பேயும் இல்லை, உன் திமிரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இத அப்பவே யாருனா சொல்லியிருக்கலாம்ல” என்றார். பிறகு மாத்திரை தீரப்போகிறது, நாளைக்குப் பொன்னேரி போகணும், கூட வர்றியா என்று கேட்டார்.