செமோர் விலாசம்

1989 கடைசியில் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு எங்கள் கூட்டம் கலைந்தது. ஈப்போவில் ஓர் ஆண்கள் பள்ளி. கூட்டம் என்று சொல்வதற்குக் காரணம், நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தவர்கள் இல்லை. வெவ்வேறு தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் மலாயோடு மல்லுக்கட்டி, அதன் பிறகு அறிவியல், கலை, வணிகம் என்று சிதறிப் போனவர்கள். எங்களைச் சேர்த்து வைத்திருந்தது தமிழ் வகுப்புதான். 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி சொல்லித்தரலாம் என்பது 1961 கல்விச் சட்டம் விட்டுவைத்த வழி. அந்த 15 குறைந்துவிடக் கூடாதே என்று ஆசிரியர் பாடத்துக்கு முன்னால் தலைகளை எண்ணுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி முகம் போகும்.

வீட்டு நிலைமையில் எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பாக்கள் கித்தா மரத்தில் ரப்பர் பால் எடுத்தார்கள், ரயில்வேயில் இருந்தார்கள், நகராண்மைக் கழகத்தில் குப்பை லோரி ஓட்டினார்கள், ஈயச் சுரங்கத்தில் இருந்தார்கள். நாங்கள் முதல் படிவத்தில் இருந்தபோது, 1985 அக்டோபரில், உலக ஈயச் சந்தை விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலை தேடிச் சில அப்பாக்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். கட்டணம் கட்டும் நாளில் பள்ளிக்கு வராத பையன்கள் கூடினார்கள். இதையெல்லாம் யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. ரஜினியா கமலா என்பதைத்தான் பேசினோம்.

நவம்பர் நெருங்கியதும் ஆட்டோகிராஃப் புத்தகங்கள் கிளம்பின. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறம். பெயர், பிறந்தநாள், லட்சியம், மறக்க முடியாத ஆசிரியர், கீழே விலாசம். லட்சியம் என்ற இடத்தில் பாதிப் பேர் டாக்டர். வாழ்த்து என்ற இடத்தில் வாழ்க்கையை ரயிலோடும் கடலோடும் ஒப்பிட்டு எல்லாருமே அறுத்திருந்தோம். நானும் ஒன்றுவிடாமல் எல்லாப் புத்தகத்திலும் எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே விலாசம்: செமோரில் இருந்த என் மாமா வீடு.

என் வீடு தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1911-இல் ஆங்கிலேயர் காலத்தில் அங்கே ஒரு பெரிய மனநல மருத்துவமனை வந்தது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். ஆனால் பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை எந்த இனத்துக்காரரும் அதை அப்படிச் சொல்வதில்லை, ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். யாராவது கொஞ்சம் மாற்றிப் பேசினால், 'இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்கடா.' எங்கள் பள்ளித் திடலில் அது ஒரு நாளைக்குப் பல முறை கேட்கும். அப்போது ஊரில் ரயில் நிலையம் உண்டு, ஆறு உண்டு, கோயில் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, காலையில் அருமையாகப் பசியாறச் சீனன் கோப்பிக்கடை உண்டு. இருந்து என்ன பயன்? எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு போய் நாடு முழுக்கத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

போதாததற்கு, என் அப்பா அந்த மருத்துவமனையில்தான் அட்டெண்டனாக இருந்தார்.

புகுமுக வகுப்பின் முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து ஊரைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் எழுந்தவன் சொன்னது சுங்கை சிப்புட். நான் வாயைத் திறந்தேன், செமோர் வந்தது. ரயில் பாதையில் எங்களுக்கு அடுத்த ஊர், பொய்க்கு அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஒரு முறை சொன்னதைக் கட்டிக் காப்பதுதான் பெரிய வேலையாகப் போயிற்று. யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது. ஈப்போ மெடான் கிட் பஸ் நிலையத்தில் எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்று கூட வருபவர்கள் பார்க்காதபடி கடைசி நிமிஷத்தில் ஓடி ஏறவேண்டும். அப்பாவுக்கு என்ன வேலை என்றால் 'ஆஸ்பத்திரியில' என்று நிறுத்திவிடுவேன். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். திடலில் அந்த ஜோக் வரும்போது நானும் சிரிப்பேன்.

அப்பா வீட்டில் நோயாளிகளைப் பற்றிப் பேசமாட்டார். யார் பெயரும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சோறு தின்னும்போது எப்போதாவது சொல்வார். கொண்டுவந்து சேர்க்கும்போதே சில குடும்பங்கள் தப்பான விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆள் தேறி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று கடிதம் போட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பி வரும். தேறினவர் அங்கேயே கிடந்து தோட்டத்தில் கீரைப் பாத்தி கொத்துவார். அப்பா இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை, மழை பெய்தது என்பது போலச் சொல்வார். நானும் கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் செமோர்க்காரனாக உட்கார்ந்திருப்பேன்.

தமிழ் வகுப்பில் என் பக்கத்தில் ஒருவன் இருந்தான். கோப்பேங் பக்கத்துப் பையன். அவன் அப்பா ஈயச் சுரங்க வேலை போய், லோரியில் கெலிண்டனாக, டிரைவருக்கு உதவியாளாக, ஓடிக்கொண்டிருந்தார். அவன் என் கட்டுரையைப் பார்த்து எழுதுவான், நான் அவன் கணக்கைப் பார்த்து எழுதுவேன். இப்படிப்பட்ட நட்புக்குத்தான் ஆயுள் அதிகம். அம்மாவைப் பற்றிக் கேட்டால் 'பாட்டி வீட்டுல இருக்காங்க' என்பான். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. மேலே கேட்காமல் இருப்பதன் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான்காம் படிவம் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை. அம்மா ரொட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தார். நான் கடை வரிசையில் நடந்துகொண்டிருக்கும்போது ஈப்போ பஸ் வந்து நின்றது. அவன் இறங்கினான். ஒரு கையில் மங்குத் தூக்கு, மறு கையில் ஆரஞ்சுப் பழப் பை. தலையைப் படிய வாரியிருந்தான்.

நான் கோப்பிக்கடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவன் சற்று நேரம் அங்கேயே நின்றான். பிறகு மருத்துவமனைச் சாலையில் திரும்பி நடந்து போனான். அவன் முதுகு மறையும் வரை எனக்கு இருந்தது ஒரே பயம்: இவன் என் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவான். சாப்பாட்டுத் தூக்கோடும் பழத்தோடும் ஒரு பையன் சனிக்கிழமை காலையில் அந்தச் சாலையில் எதற்குப் போவான்? மருத்துவமனை ஊழியன் மகனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அவ்வளவு இறுக்கமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த தமிழ் வகுப்பில் அவன் வேறு நாற்காலியில் உட்கார்ந்தான். சரிதான், ஊர் தெரிந்துபோய்விட்டது, தஞ்சோங் ரம்புத்தான்காரன் பக்கத்தில் உட்கார இவனுக்குக் கேவலமாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். வைராக்கியமாக நானும் பேசவில்லை. கடைசி வாரம் ஆட்டோகிராஃப் புத்தகத்தை மட்டும் நீட்டினான். எழுதிக் கொடுத்தேன். வாழ்த்தைப் படிக்காமல் விலாசத்தைப் படித்தான். மூடி, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

2019-இல், முப்பது வருஷம் ஆயிற்று என்று, வாட்ஸ்அப்பில் ஒருவன் எல்லாரையும் திரட்டினான். கோலாலம்பூரிலிருந்து நான் இ.டி.எஸ். ரயிலில் போனேன். லகாட் சாலைப் பக்கம் ஓர் உணவகம். டாக்டராகப் போகிறேன் என்று எழுதியவர்கள் எல்லாரும் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர். அவனும் வந்திருந்தான். பழைய ஆட்டோகிராஃப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தான். எல்லாரும் தங்கள் பக்கத்தைத் தேடிச் சிரித்து முடித்ததும், அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"செமோர்ல எங்கடா உங்க வீடு?"

நான் மாமா வீடு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை.

"அன்னிக்கு நீ தூணுக்குப் பின்னால நின்ன. நான் பார்த்தேன். எங்கம்மா அங்கதான் வார்டுல இருந்தாங்க. மாசத்துக்கு ஒரு தடவ நான்தான் சாப்பாடு கொண்டு போவேன். உன் ஊர் அதுதான்னு எனக்குத் தெரியும், பஸ் பாஸ்ல பார்த்திருக்கேன். அன்னிக்கு உன்னப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். நீ வந்து கூப்பிடுவேன்னு நின்னேன். நீ ஒளிஞ்ச. எங்கம்மா விஷயம் உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் ஒளியிறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்புத் தாள். என் கையெழுத்து அப்போது அழகாகத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். பார்வை நேரம் வரும் வரை நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மழை என்றால் தூக்கை மடியில் வைத்துக் குனிந்துகொள்வானாம். என் அம்மா எந்தப் பையன் வந்தாலும் முதலில் மைலோ கலக்குகிறவர். என் அப்பா தினமும் சைக்கிள் நிறுத்தும் வாசலுக்குள்தான் அவன் தூக்கோடு போய்வந்திருக்கிறான்.

"உனக்காக ஒளியலடா. எனக்காக ஒளிஞ்சேன்," என்றேன். முப்பது வருஷம் கழித்துச் சொல்லும்போது அது எவ்வளவு சின்ன விஷயமாகக் கேட்கிறது!

"இப்ப தெரியுது," என்றான். அவன் அம்மா பிறகு வீடு திரும்பி, மருந்தோடு பல வருஷம் நன்றாகவே இருந்து, போய்ச் சேர்ந்தார் என்றும் சொன்னான். ஒரு பேச்சுக்காவது என்னைத் திட்டியிருக்கலாம். மற்றவர்களுக்கு அவன் அம்மாவைப் பற்றித் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றான்.

என் பங்கையாவது சொல்லித் தொலைத்துவிடலாம் என்று, எதிரே இருந்தவனிடம் என் ஊர் செமோர் இல்லை என்று ஆரம்பித்தேன். அவன் கோழி எலும்பிலிருந்து தலை நிமிரவே இல்லை.

"தஞ்சோங் ரம்புத்தான்தானே? கிளாஸுக்கே தெரியும்டா."

"அப்புறம் ஏண்டா என் முன்னாலயே அந்த ஜோக்கெல்லாம் அடிச்சீங்க?"

"நீதானேடா எல்லாரையும்விடச் சத்தமா சிரிச்ச," என்றான்.