காஃபிலாவும் கதிரொளியும்

குளிர்காலத்திலும் கோடையிலும் குறைஷியர் மேற்கொண்ட பிரயாணங்களைத் திருமறையின் 106ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அந்தக் காஃபிலாக்களுக்கு வெயில் தாங்கவேண்டிய சோதனை.

நத்தத்திலிருந்து ஏர்வாடிக்கு ஜியாரத் புறப்படுமுன், என் மகன் புதிய வேனின் கூரையில் சூரியத் தகடு பொருத்தினான். "இஃது இஸ்ராஃப் அல்லவா?" என்று கடிந்தேன். அவன் மறுமொழி பகரவில்லை.

வழியெல்லாம் தகடு பேட்டரியை நிரப்பிற்று. பேட்டரி சிறு குளிர்பெட்டியை இயக்கிற்று. வண்டி நெடுநேரம் நின்ற நண்பகலிலும், என் துணைவியாருக்கான இன்சுலின் கெடாமல் குளிர்ந்தே இருந்தது. அதே இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்ததும் இவ்வெயிலை நம்பியன்றோ!

வீண்விரயம் எது, தேவை எது என்று ஆண்டாண்டாய் மாணவர்க்குப் போதித்தவன் நான். அப்பாடத்தை அன்று மகனிடம் ஓதினேன். அல்ஹம்துலில்லாஹ்!